மருந்தகமும் கணினியும்: வாசகர் கேள்வி – பதில்

மருந்தகங்களில் தகவல் தொழில்நுட்பத்தின் பயன்பாடு குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில ஒன்றையே வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தன. அவற்றைச் சேர்த்து, பொதுவான கேள்விகளுக்கு மட்டும் இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். தனிப்பட்ட நோய், தனிப்பட்ட மருந்து பற்றிய கேள்விகளை அவரவருடைய மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ நேரில் கேட்பதே முறை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

கேள்வி: மருந்துச்சீட்டைக் கொடுத்த பிறகு மருந்தாளுநர் வெகுநேரம் கணினியில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறார். மாத்திரையை எடுத்துக் கொடுத்துப் பணம் வாங்குவதற்கு இவ்வளவு நேரம் எதற்கு? – ஒரு வாசகி

பதில்: பில் போடுவது அந்தக் கணினி செய்கிற வேலைகளில் மிக எளியது. சீட்டில் எழுதியிருப்பது பெரும்பாலும் ஒரு நிறுவனம் வைத்த வணிகப் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் மருந்துப்பொருள் எது, எத்தனை மில்லிகிராம், எந்த வடிவம் என்பவற்றை மென்பொருள் முதலில் பிரித்தறிகிறது. ஒவ்வொரு மருந்துப்பொருளுக்கும் ஒரு குறியீடு உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் ஏ.டி.சி. வகைப்பாட்டில் மெட்ஃபார்மினின் குறியீடு ஏ10பிஏ02. இதில் முதல் மூன்று இடங்களைப் பார்த்தாலே அது நீரிழிவு மருந்து என்று தெரிந்துவிடும். இருபது நிறுவனங்கள் இருபது பெயர்களில் விற்றாலும் குறியீடு ஒன்றுதான் என்பதால், ஒரே மருந்து இரண்டு பெயர்களில் ஒருவர் கையில் போய்ச் சேர்வதைக் கணினியால் கண்டுபிடிக்க முடிகிறது.

இதில் பாராசிட்டமாலை விடச் சிறந்த உதாரணம் இல்லை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு கூட்டு மாத்திரை, மூட்டு வலிக்கு மற்றொரு கூட்டு மாத்திரை என்று மூன்றை வாங்குகிற ஒருவர், மூன்றிலும் பாராசிட்டமால் இருப்பதை அறியாமலே, பெரியவர்களுக்கான உச்ச வரம்பாகிய ஒரு நாளைக்கு 4 கிராமைத் தாண்டிவிடக்கூடும். அப்படித் தாண்டினால் பாதிக்கப்படுவது கல்லீரல். இந்தக் கூட்டலை மனதால் செய்வதைக் காட்டிலும் கணினி விரைவாகவும் சலிப்பில்லாமலும் செய்யும். ஆனால் சளி மாத்திரையைத் தாங்கள் வேறு கடையில் வாங்கி அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அது திரையில் வராது. அதனால்தான் ‘வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்கிறார்கள்.

கேள்வி: நான் மருந்தகப் பயிற்சியில் இருக்கிறேன். ஒவ்வொரு மருந்துச்சீட்டுக்கும் திரையில் நாலைந்து எச்சரிக்கைகள் வருகின்றன. மூத்தவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் மூடிவிடுகிறார்கள். இது சரியா? நானும் அப்படிச் செய்யலாமா? – பயிற்சி மருந்தாளுநர் ஒருவர்

பதில்: சரியில்லை, ஆனால் குற்றத்தை அவர்கள் மேல் மட்டும் சுமத்துவதும் நியாயமில்லை. மருந்துப் பாதுகாப்பு எச்சரிக்கைகள் குறித்து அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் வெளியான கட்டுரை ஒன்று, 49 முதல் 96 விழுக்காடு வரையிலான எச்சரிக்கைகள் புறக்கணிக்கப்பட்டதைக் காட்டியது. நூற்றில் தொண்ணூறைத் தள்ளிவிடும் நிலை ஒரு துறையில் இருக்குமானால், வேலை செய்பவர்களின் அசட்டை என்று சொல்லி அதை முடித்துவிட முடியாது.

இந்த எச்சரிக்கைகளுக்கு அடிப்படையான தரவுத்தளத்தைத் தயாரிப்பவர்கள் எந்த ஒரு இடைவினையையும், அதாவது ஒரு மருந்து இன்னொன்றின் செயலைப் பாதிப்பதையும், விட்டுவிட அஞ்சுகிறார்கள். விட்டதற்காகத் தங்கள் மேல் வழக்கு வரலாம், அதிகம் சொன்னதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லை. அந்தத் தரவுத்தளத்தை வாங்கும் மருத்துவமனையோ மருந்தகமோ அதைத் தனக்கேற்பச் சீர்செய்யாமல் அப்படியே ஓட விடுகிறது. விளைவாக, உயிரைப் பறிக்கக்கூடிய இடைவினையும், இரண்டு மருந்துகளுக்கு இடையே சில மணி நேரம் விட்டால் தீர்ந்துபோகும் சிறு விஷயமும் ஒரே நிறத்தில், ஒரே அளவு எழுத்தில் திரையில் வந்து நிற்கின்றன.

இதைப் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். தைராய்டு குறைபாட்டுக்கு லெவோதைராக்சின் சாப்பிடுபவருக்குக் கால்சியமோ இரும்புச்சத்து மாத்திரையோ எழுதப்பட்டால் வரும் எச்சரிக்கைக்கு மருத்துவரை அழைக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும் என்று உறையின் மேல் அச்சிட்டு, வாயாலும் சொன்னால் போதும். கொழுப்பைக் குறைக்கச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவருக்குக் கிளாரித்ரோமைசின் என்ற நோயெதிர் மருந்து வந்தால் அது வேறு கதை. தசைச் சிதைவு ஏற்படும் அபாயம் இருப்பதால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது, எழுதியவரிடம் பேசியே ஆக வேண்டும். இரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் சாப்பிடுபவருக்கு ஸ்பைரோனோலாக்டோன் சேர்க்கப்படும்போது வருவது மூன்றாவது வகை. இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது இதய நோயில் வழக்கமான சிகிச்சைதான்; ஆனால் இரத்தத்தில் பொட்டாசியம் அளவு பார்க்கப்பட்டதா என்ற கேள்வியை அது எழுப்ப வேண்டும். முதலாவதற்கு அறிவுரை, இரண்டாவதற்குத் தடை, மூன்றாவதற்குப் பரிசோதனை. மென்பொருள் இந்த மூன்றையும் வேறுபடுத்திக் காட்டாவிட்டால் அந்த வேறுபாடு தங்கள் மனதில் இருக்க வேண்டும்.

மீறவே முடியாத தடைகளும் சில உண்டு. அவை குறைவாக இருப்பதால்தான் வேலை செய்கின்றன. மெத்தோட்ரெக்சேட் இதற்குத் தக்க சான்று. முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் அது வாரத்தில் ஒரு நாள் மட்டும் சாப்பிட வேண்டிய மருந்து; தவறுதலாகத் தினமும் சாப்பிட்டு எலும்பு மஜ்ஜை செயலிழந்து இறந்தவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். ஆகவே நல்ல மென்பொருள்களில் இந்த மருந்தைத் தேர்ந்தெடுத்தவுடன் ‘வாரம் ஒருமுறை’ என்பதே முதலில் நிற்கும். தினமும் என்று மாற்ற வேண்டுமானால் எந்தப் புற்றுநோய்க்காக என்று பதிவு செய்யாமல் மேலே போக முடியாது. எங்கெல்லாம் இந்த அமைப்பு இல்லையோ அங்கெல்லாம் அதைக் கேட்டு வாங்குவது மருந்தாளுநரின் வேலை என்பது என் கருத்து.

தாங்கள் என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மூடுகிற ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் காரணத்தைச் சில சொற்களிலாவது பதிவு செய்யுங்கள். காரணம் கேட்கும் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகரும் வழக்கம் பரவலாக இருக்கிறது; அதை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளாதீர்கள். மாதம் ஒருமுறை, எந்த எச்சரிக்கை எத்தனை முறை மூடப்பட்டது என்ற அறிக்கையைப் பெரும்பாலான மென்பொருள்களில் எடுக்கலாம். எப்போதுமே மூடப்படுகிற எச்சரிக்கையை நிறுத்திவிடலாமா என்று மூத்தவர்களுடன் உட்கார்ந்து பேசுங்கள். பேசி நிறுத்துவது வேறு, பழக்கத்தில் கை தானாகச் சொடுக்குவது வேறு.

கேள்வி: மருந்தை எடுக்க ரோபோ, சரிபார்க்கப் பார்கோடு, கணக்கிடக் கணினி என்று எல்லாம் வந்துவிட்ட பிறகு தவறு நடக்க வழியே இல்லையே? மனிதர் எதற்கு? – மென்பொருள் பொறியாளர் ஒருவர்

பதில்: தங்கள் நம்பிக்கைக்கு ஆதரவான எண்ணை முதலில் தருகிறேன். பாஸ்டனில் ஒரு பெரிய மருத்துவமனையில், நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தின் பார்கோடையும் ஒப்பிட்ட பிறகே மருந்து கொடுக்கும் முறையை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். நேரம் தவறிக் கொடுத்ததைச் சேர்க்காமல் பார்த்தால், மருந்து கொடுப்பதில் ஏற்பட்ட பிழைகள் 11.5 விழுக்காட்டிலிருந்து 6.8 விழுக்காடாகக் குறைந்திருந்தன. ஒரு தாளிலிருந்து இன்னொரு தாளுக்கு எடுத்து எழுதும்போது உண்டாகும் பிழைகள் முற்றிலும் மறைந்துபோயின. இது சிறிய வெற்றி இல்லை.

இனி மறுபக்கம். 2013-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் இருக்கும் ஒரு புகழ்பெற்ற போதனா மருத்துவமனையில், 16 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு ட்ரைமெத்தோபிரிம் – சல்ஃபாமெத்தாக்சசோல் என்ற நோயெதிர் மருந்து எழுதப்பட்டது. அவன் அதை ஏற்கெனவே வீட்டில், வேளைக்கு ஒரு மாத்திரை வீதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன். அவனது எடை 38.6 கிலோ. 40 கிலோவுக்குக் குறைந்தவர்களுக்கு எடைக் கணக்கில்தான் மருந்து எழுத வேண்டும் என்பது அந்த மருத்துவமனையின் விதி; ஆகவே மருத்துவர் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று எழுதினார். கணினி அதை 193 மில்லிகிராம் என்று கணக்கிட்டது. ஆனால் கிடைக்கும் மாத்திரையில் இருப்பதோ 160 மில்லிகிராம் ட்ரைமெத்தோபிரிம். அளவு பொருந்தவில்லை, 160 என்று திருத்தி எழுதுங்கள் என மருந்தாளுநர் மருத்துவருக்குச் செய்தி அனுப்பினார். இதுவரை எல்லாரும் செய்தது சரி.

மருத்துவர் 160 என்று தட்டினார். அந்தக் கட்டத்துக்கு அருகில் இருந்த அலகு ‘மில்லிகிராம்’ அல்ல, ‘கிலோவுக்கு மில்லிகிராம்’. 160-ஐ 38.6-ஆல் பெருக்கினால் 6,176 மில்லிகிராம். அதாவது முப்பத்தெட்டரை மாத்திரை. மருத்துவரின் திரையில் எச்சரிக்கை வந்தது. அன்றாடம் வருகிற பயனற்ற எச்சரிக்கைகளில் ஒன்று என்று எண்ணி அவர் மூடினார். மருந்தாளுநரின் திரையிலும் வந்தது. தாம் கேட்டபடி திருத்திவிட்டார்கள் என்ற எண்ணத்தில் அவரும் மூடினார். ரோபோ முப்பத்தெட்டரை மாத்திரைகளை ஒரு பிழையும் இல்லாமல் எண்ணிப் பொட்டலம் கட்டியது. செவிலியருக்கு ஐயம் எழுந்தது. ஆனால் அவர் பார்கோடை ஸ்கேன் செய்தபோது, உத்தரவில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றுதான் என்று கருவி உறுதி செய்தது. சிறுவன் அத்தனையையும் விழுங்கினான். சில மணி நேரத்தில் அவனுக்கு வலிப்பு வந்தது. நல்ல வேளையாகப் பிழைத்துக்கொண்டான்.

பொறியாளரான தாங்கள் இதைத் திரும்ப ஒருமுறை படித்துப் பாருங்கள். ரோபோ பழுதாகவில்லை, ஸ்கேனர் பழுதாகவில்லை, பெருக்கல் தவறாகவில்லை. பார்கோடு சொல்வது, கேட்டதும் கொடுத்ததும் ஒன்றா என்பதை மட்டும்தான். கேட்டதே தவறாக இருந்தால் அந்தத் தவற்றையும் அது அதே உறுதியோடு வழிமொழியும். காகிதத்தில் ‘38½ மாத்திரை’ என்று கையால் எழுதப்பட்டிருந்தால் யாராவது ஒருவர் சிரித்திருப்பார், அல்லது தொலைபேசியை எடுத்திருப்பார். ஒரு வேளைக்கு இத்தனை மாத்திரையா என்று திகைப்பதற்காகவாவது அங்கே மனிதர் தேவைப்படுகிறார். அந்தத் திகைப்பைத் தெரிவித்தால் வேலை தாமதமாகிறதே என்று முகம் சுளிக்காத மேலதிகாரியும் தேவைப்படுகிறார்.

வடிவமைப்பில் திருத்த வேண்டியதும் உண்டு. அலகைச் சிறிய எழுத்தில், முன்பே தேர்வு செய்த நிலையில் வைத்திருந்தது மென்பொருளின் குற்றம். வழக்கமான உச்ச அளவைச் சிறிதே மீறும் உத்தரவுக்கும், பல மடங்கு மீறும் உத்தரவுக்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை கொடுத்ததும் அப்படித்தான். எத்தனை மடங்கு என்பதைப் பார்த்து, ஒரு வரம்புக்கு மேல் உத்தரவையே ஏற்க மறுப்பது தங்கள் துறையினருக்குச் சில வரி நிரல் எழுதும் வேலை.

கேள்வி: மருத்துவரின் கையெழுத்துப் புரியாததுதான் பிரச்சினை என்றார்கள். இப்போது கணினியில் எழுதி மின்வழியில் அனுப்புகிறார்கள். இனிமேல் குழப்பம் தீர்ந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா? – ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்

பதில்: ஒரு குழப்பம் தீர்ந்தது, ஐயா. மின்மருந்துச்சீட்டு ஒன்றும் நேற்று வந்ததில்லை. சுவீடனில் 1983-லேயே ஒரு மருத்துவரின் அலுவலகத்திலிருந்து மருந்தகத்துக்கு அப்படி ஒரு சீட்டு அனுப்பப்பட்டது. 2019 ஜனவரி முதல் ஃபின்லாந்து மருத்துவர் எழுதிய மின்சீட்டைக் காட்டி எஸ்தோனியாவில் மருந்து வாங்க முடிகிறது. மருத்துவமனைகளில் மருத்துவர் நேரடியாகக் கணினியில் உத்தரவு இடும் முறையால் கடுமையான மருந்துப் பிழைகள் 55 விழுக்காடு குறைந்ததாக 1998-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆனால் 2005-இல் வெளியான மற்றொரு ஆய்வு, அதே வகையான கணினி முறை 22 விதமான பிழைகளுக்கு வழி செய்துகொடுத்ததை விவரித்தது. இரண்டுமே உண்மை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

முன்பு எழுத்துப் புரியாமல் தவறு நடந்தது; இப்போது மிகத் தெளிவாக அச்சான தவறான மருந்து வருகிறது. மருந்தின் பெயரில் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் கீழே ஒரு பட்டியல் விரிகிறது. ஹைட்ராலசின் இரத்த அழுத்தத்துக்கு உரியது. ஹைட்ராக்சிசின் அரிப்புக்கும் பதற்றத்துக்கும் கொடுப்பது. ஆங்கிலத்தில் இவ்விரண்டு பெயர்களின் முதல் நான்கு எழுத்துகளும் ஒன்றே. ஐந்தாவது எழுத்தில்தான் பிரிகின்றன. நான்கோடு நிறுத்திவிட்டுப் பட்டியலில் ஒரு வரி தள்ளிச் சொடுக்கினால் முடிந்தது கதை. மருத்துவமனைகளில் பெயரைத் தட்டினால் மருந்தை எடுக்கத் திறந்துவிடும் தானியங்கி மருந்துப் பெட்டகங்களில் குறைந்தது ஐந்து எழுத்தாவது தட்டிய பிறகே பட்டியல் காட்ட வேண்டும் என்ற பரிந்துரை இதனால்தான் வந்தது. 2017-இல் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் வணிகப் பெயரின் முதல் இரண்டே எழுத்துகளைத் தட்டித் தேடியபோது, மனதை அமைதிப்படுத்தும் மிடசோலாமுக்குப் பதிலாக, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் வெக்குரோனியம் பெட்டகத்திலிருந்து வெளியே வந்தது, நோயாளி இறந்துபோனார்.

இன்னொன்று, அடையாளம் கண்டுகொள்ள எளியது. தாங்களே வீட்டில் பார்க்கலாம். கணினிச் சீட்டில் ‘தினம் இருவேளை’ என்று ஒரு கட்டத்தில் இருக்கும். கீழே குறிப்பு எழுதும் இடத்தில் ‘இரவு மட்டும்’ என்று மருத்துவர் தட்டியிருப்பார். கட்டத்தை முன்பு எழுதிய சீட்டிலிருந்து நகலெடுத்துவிட்டு, மாற்றத்தைக் குறிப்பில் மட்டும் சேர்த்ததன் விளைவு அது. மருந்தகத்தின் கணினி கட்டத்தைத்தான் உறையின் மேல் அச்சிடும். இரண்டும் முரண்பட்டால் எது சரி என்று ஊகிக்க மருந்தாளுநருக்கு உரிமை இல்லை. அழைத்துக் கேட்டுத்தான் ஆக வேண்டும், அதற்காகத் தாங்கள் சற்று நேரம் காத்திருக்கவும் வேண்டும்.

நிறுத்தப்பட்ட மருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவர் தம் கணினியில் ஒரு மருந்தை நிறுத்தினால் அந்தச் செய்தி மருந்தகத்துக்குத் தானாகப் போய்ச் சேரும் என்று நோயாளிகள் நினைக்கிறார்கள். பல அமைப்புகளில் புதிய சீட்டுதான் போகிறது, ரத்துச் செய்தி போவதில்லை. மாதாமாதம் தொடர்ந்து வாங்கும் மருந்துகளில், நிறுத்தியதைத் தாங்களே மருந்தகத்தில் சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி: என் தாயாருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று பதிவாகியிருக்கிறது. இருந்தும் ஒவ்வொரு முறையும் ‘சாப்பிட்டபோது என்ன ஆயிற்று?’ என்று கேட்கிறார்கள். பதிவு எதற்கு இருக்கிறது? – ஒரு வாசகர்

பதில்: பதிவில் ‘பெனிசிலின்’ என்ற ஒரு சொல் மட்டும் இருப்பதால் கேட்கிறார்கள். மக்களில் சுமார் பத்தில் ஒருவருக்குப் பெனிசிலின் ஒவ்வாமை என்று குறிக்கப்பட்டிருக்கிறது. முறையாகச் சோதித்தால் அவர்களில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இல்லை. வயிற்றுப்போக்கு வந்ததும் ஒவ்வாமை என்று பதிவாகிறது, மூச்சுத் திணறி முகம் வீங்கியதும் ஒவ்வாமை என்றே பதிவாகிறது. என்ன நேர்ந்தது, எத்தனை வயதில், மருந்து சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில் என்று ஒருமுறை விரிவாகப் பதியச் சொல்லுங்கள், கேள்விகள் குறையும். சோதிக்காமல் அந்தக் குறிப்பைத் தாங்களாக நீக்கச் சொல்ல வேண்டாம்.

கேள்வி: மருந்துப் பெட்டியின் மேல் இருக்கும் சதுரமான புள்ளிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? – கல்லூரி மாணவி

பதில்: பொதுவாக நான்கு செய்திகள்: உலக அளவில் அந்தப் பொருளைக் குறிக்கும் 14 இலக்க எண், தொகுதி எண், காலாவதி நாள், அந்த ஒரு பெட்டிக்கு மட்டுமே உரிய தொடர் எண். பழைய கோட்டு வடிவப் பார்கோடு பெரும்பாலும் முதலாவதை மட்டுமே சொன்னது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல், மருத்துவர் சீட்டின் பேரில் விற்கப்படும் பெரும்பாலான மருந்துகளில் இந்தத் தொடர் எண் கட்டாயம். மருந்தகத்தில் கொடுக்கும்போது அந்த எண்ணை மையத் தரவுத்தளத்தில் கழித்துவிடுவார்கள். ஏற்கெனவே கழிக்கப்பட்ட எண்ணோடு இன்னொரு பெட்டி வந்தால் ஏதோ கோளாறு என்று கருவி கூவும். போலி மருந்தைப் பிடிக்க இது உதவும். பெட்டிக்குள் இருக்கும் மருந்து வெயிலில் கிடந்து கெட்டதா என்பதை இது சொல்லாது.

கேள்வி: மருந்துகளைப் பற்றிச் செயற்கை நுண்ணறிவு உரையாடிகளிடம் கேட்டால் உடனே அழகாகப் பதில் சொல்கின்றன. மருந்தாளுநரிடம் போய் நிற்பதைவிட இது மேல் அல்லவா? – ஒரு வாசகர்

பதில்: அழகாகச் சொல்வதுதான் சங்கடம். மருந்தகத்தின் தரவுத்தளத்தில் ஓர் இடைவினை இருக்கிறதென்றால் அதன் பின்னால் எந்த ஆய்வு, எவ்வளவு கடுமை, எவ்வளவு உறுதி என்ற குறிப்புகள் இருக்கும். இல்லாததை அது கற்பனை செய்து சொல்லாது. உரையாடி, சொற்களை இயல்பாகக் கோத்துத் தருவதில் வல்லது. சரியான பதிலையும் தவறான பதிலையும் ஒரே தொனியில் சொல்லும். மேலும் தாங்கள் கேட்காததை அது அறியாது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது, கருவுற்றிருக்கிறாரா, வேறு என்ன சாப்பிடுகிறார் என்பவற்றைப் பொறுத்து அதே மருந்தின் அளவு பாதியாகலாம், அந்த மருந்தே கூடாது என்றும் ஆகலாம்.

வணிகப் பெயரைச் சொல்லிக் கேட்பதில் தனி ஆபத்து இருக்கிறது. ஒரே பெயர் இரண்டு நாடுகளில் இரண்டு மருந்துகளைக் குறிக்கலாம். ‘ஃப்ளோமாக்ஸ்’ அமெரிக்காவில் புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின். இத்தாலியில் அதே பெயரில் விற்பனையானது அழற்சியைக் குறைக்கும் முற்றிலும் வேறொரு மருந்து. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2006-லேயே இதுபோன்ற பெயர்களைக் குறித்துப் பயணிகளை எச்சரித்தது. உரையாடி எந்த நாட்டுப் பக்கங்களைப் படித்துத் தங்களுக்குப் பதில் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்?

அதற்காக அவற்றைத் தொடவே கூடாது என்று சொல்லமாட்டேன். மருந்தாளுநரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஒரு பட்டியல் தயாரிக்கவும், கொடுக்கப்பட்ட துண்டறிக்கையில் உள்ள கடினமான பகுதியை எளிய மொழியில் புரிந்துகொள்ளவும் அவை நன்றாகவே உதவுகின்றன. அளவு, இடைவினை, நிறுத்துவது, தொடங்குவது ஆகிய நான்கையும் அவற்றிடம் விடாதீர்கள்.

கேள்வி: மருந்துச்சீட்டைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பச் சொல்கிறார்கள். என் நோய் விவரம் யார் யாருக்குப் போகும்? – பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தங்கள் கவலை நியாயமானது. ஊழியர் ஒருவரின் சொந்தக் கைபேசிக்கு அனுப்பிய படம், அவர் வேலையை விட்டுப் போனாலும் அதிலேயே இருக்கும். மருந்தகத்துக்கென்று தனிச் செயலியோ தனி எண்ணோ இருந்தால் அதற்கு மட்டும் அனுப்புங்கள். மருந்து கிடைத்ததும் படத்தை அழித்துவிடும்படி கேட்கலாம். மருந்தகத்தினருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: நான்கு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பயன்படுத்தும் இடத்தில், யாருடைய பதிவை யார் திறந்து பார்த்தார் என்பதை எந்த மென்பொருளாலும் காட்ட முடியாது. கடவுச்சொல்லைத் திரையின் ஓரத்தில் ஒட்டி வைத்திருப்பதைப் பற்றி நான் எழுதவே வேண்டாம்.

கேள்வி: சிறிய மருந்தகம் நடத்துகிறேன். எல்லாவற்றையும் ஒரேயடியாக வாங்க வசதி இல்லை. எதை முதலில் செய்வது? மின்சாரமோ இணையமோ நின்றுவிட்டால் என்ன செய்வது? – மருந்தக உரிமையாளர் ஒருவர்

பதில்: ரோபோவும் பெட்டகமும் தங்களுக்குத் தேவையில்லை. கையிருப்பையும் காலாவதியையும் தொகுதி எண்ணோடு சேர்த்துக் கண்காணிக்கும் மென்பொருளை முதலில் வாங்குங்கள். முதலில் வந்ததை முதலில் கொடுப்பது என்ற பழைய வழக்கத்தை விட, முதலில் காலாவதியாவதை முதலில் கொடுப்பதுதான் மருந்துக்குப் பொருந்தும். பின்னால் வந்த சரக்கில் காலாவதி நாள் முந்தியிருப்பது அடிக்கடி நடப்பது. நிறுவனம் ஒரு தொகுதியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தால், அது யார் யாருக்குப் போனது என்று சில நிமிடங்களில் எடுக்க முடிகிறதா என்பதை விற்பனையாளரிடம் செய்துகாட்டச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.

அடுத்தது குளிர்பதனப் பெட்டிக்கு வெப்பப் பதிவுக் கருவி. இன்சுலினும் பெரும்பாலான தடுப்பூசிகளும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். காலையிலும் மாலையிலும் பார்த்துக் குறிக்கும் ஏட்டில் இரவில் நடந்தது தெரியாது. சூடானதை விட உறைந்துபோனதுதான் இதில் பலரும் தவறவிடுவது. உறைந்து மீண்டும் உருகிய இன்சுலின் பார்வைக்குச் சாதாரணமாக இருக்கலாம், ஆனால் பயன்படுத்தக் கூடாது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை பதிவு செய்து, எல்லை தாண்டினால் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி போதும். இடைவினைத் தரவுத்தளம் மூன்றாவது. அது மாதந்தோறும் புதுப்பிக்கப்படுகிறதா என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

மின்தடையைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. வாங்கும்போது யாரும் கேட்பதில்லை. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் மருத்துவக் கட்டணங்களைப் பரிமாறும் ஒரு பெரிய நிறுவனத்தின் கணினிகளை இணையத் திருடர்கள் முடக்கியபோது, நாடெங்கும் மருந்தகங்களில் காப்பீட்டுக் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் மக்கள் மருந்துக்குக் காத்து நின்றார்கள். அந்த மருந்தகங்களில் மின்சாரமும் இருந்தது, கணினியும் இருந்தது. நின்றது வேறெங்கோ இருந்த ஒரு கணினி. ஆகவே தங்கள் தரவின் நகல் தினமும் எடுக்கப்பட வேண்டும், அதில் ஒன்று இணையத்தோடு இணைக்கப்படாமல் வேறிடத்தில் இருக்க வேண்டும். நகல் எடுப்பதோடு நின்றுவிடாமல், சில மாதங்களுக்கு ஒருமுறை அதிலிருந்து தரவைத் திரும்பக் கொண்டுவந்து பாருங்கள். திரும்ப வராத நகலை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருப்பவர்கள் அநேகர்.

கணினி நிற்கும் நேரத்துக்கென்று அச்சிட்ட படிவங்களை ஓர் உறையில் போட்டு வையுங்கள்: நோயாளியின் பெயர், பிறந்த நாள், ஒவ்வாமை, மருந்து, அளவு, தொகுதி எண், கொடுத்தவர் கையெழுத்து, நேரம். தட்டச்சிலேயே பழகிய இளைய ஊழியர்கள் கையால் எழுதும்போது, மென்பொருள் தானாகச் செய்துகொண்டிருந்தவற்றை மறந்துவிடுகிறார்கள். அரை மில்லிகிராமை ‘.5’ என்று எழுதக் கூடாது, புள்ளி மறைந்தால் அது 5 ஆகிவிடும், ‘0.5’ என்றே எழுத வேண்டும். ஐந்தை ‘5.0’ என்று எழுதினால் 50 ஆகும். மைக்ரோகிராமைக் குறியீட்டால் எழுதாமல் முழுச்சொல்லாக எழுதச் சொல்லுங்கள். கணினி மீண்டும் ஓடத் தொடங்கியதும், படிவங்களில் உள்ளவற்றைக் கொடுத்த நேரப்படியே பதிவேற்றி, பதிவேற்றியவர் அல்லாத ஒருவர் ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட வேண்டும். இடைவினைச் சோதனை அப்போதுதான் முதல் முறையாக நடக்கும் என்பதால், ஏதாவது எச்சரிக்கை வந்தால் அன்றே அந்த நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துவிடுங்கள்.